கைலி கட்டிய கம்ப்யூட்டர்

எங்கள் பழைய ஆபீஸின் அலமாரியைக் காலி செய்தபோது ஒரு படம் கிடைத்திருக்கிறது. மூலையில் ஒரு கம்ப்யூட்டர். அதைச் சுற்றி நீலக் கட்டம் போட்ட புத்தம்புதுக் கைலி. பக்கத்தில் நாங்கள் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். ஒரு காலத்தில் என் கீழ் வேலை பார்த்து, இப்போது அங்கே மேனேஜராக இருக்கும் பாபு அதை என் போனுக்கு அனுப்பிவிட்டு, நான் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் கூப்பிட்டும் விட்டான்.

"அக்கா, இங்க கீற பசங்க எல்லாம் இத்த பாத்து சிரிச்சிகினு கீறாங்க. ஒரு பிரவுசர் போடலாமா வேணாமான்னு மீட்டிங் போட்டீங்களாமே, நெசமான்னு கேக்கறாங்க. நான் சொன்னா எவனும் நம்ப மாட்றான். நீயே எழுதிக் குடுத்துடுக்கா."

சிரிக்கட்டும். இன்றைக்கு பிரவுசர் யாரையும் எதையும் கேட்பதில்லை. நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் தன்னைத்தானே மாற்றிக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கிறது. எங்கள் காலத்தில் அது திரையில் வந்து நின்று, 'புதுப் பதிப்பு வந்திருக்கிறது, போடட்டுமா?' என்று கேட்டது. கேட்டால் யாராவது பதில் சொல்ல வேண்டும். எங்கள் ஆபீஸில் பதில் சொல்ல வேண்டியவள் நான். மீட்டிங் போட்டது நிஜம்தான். இன்றைக்குக் கேட்டாலும் போடுவேன்.

நான் கொருக்குப்பேட்டைக்காரி. பள்ளிக்கூடம் முடித்து டைப்ரைட்டிங், வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடிப்படிக்கு அடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பு, பிறகு ராயபுரத்தில் இந்தக் கிளியரிங் ஆபீஸ். என் படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான். கிளியரிங் ஆபீஸ் என்றால், கப்பலில் சரக்கு அனுப்புகிறவர்களுக்காகத் துறைமுகத்தில் ஆக வேண்டிய வேலைகளை எல்லாம் முடித்துக் கொடுக்கும் இடம். சரக்கு அவர்களுடையது, அலைச்சல் எங்களுடையது. டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர்கள் வந்தபோது மற்றவர்கள் தொடப் பயந்தார்கள், நான் தொட்டேன். தொட்டவள் தலையிலேயே எல்லாம் விடிந்தது. சில வருடங்களில் என் மேஜை மேல் 'சிஸ்டம்ஸ் இன்சார்ஜ்' என்று பலகை வைத்துவிட்டார்கள்.

எங்கள் மேலாளர் இஸ்மாயில் சார். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் எப்போதும் ஒரே ஒரு பேனா. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் கீழிருந்து மேலாகத்தான் படிப்பார். புதிதாக வருகிறவர்கள் அவருக்குப் படிக்கத் தெரியாதோ என்றுகூட நினைத்துவிடுவார்கள்.

"மேல கம்பெனி பேரு, அட்ரஸு எல்லாம் அயகாத்தான் இருக்கும் நைனா. வம்பு பூரா கீய கையெயுத்துகிட்டதான் குந்திகினு இருக்கும்" என்பார்.

யாராவது ஒரு யோசனையோடு அவர் அறைக்குள் போனால், பக்கத்தில் இருக்கும் நாற்காலியை இழுத்துப் போடுவார். "குந்து. மொதல்ல கெட்டத சொல்லு." கெட்டதை எல்லாம் நாம் சொல்லி முடிப்பதற்குள் பாதி யோசனைகள் தாமாகவே எழுந்து வெளியே போய்விடும். மிச்சம் இருப்பதற்கு மட்டும் அவர் தலையை ஆட்டுவார். 'மொதல்ல' என்று சொல்வாரே தவிர, அதற்கு அடுத்ததாக நல்லதைச் சொல் என்று அவர் யாரிடமும் கேட்டதே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஆபீஸில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் இணையம். டெலிபோன் லைன் வழியாகக் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டு வரும். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் புது பிரவுசர் இருக்கிறதே என்று எங்கள் கணக்கர் ஆசைப்பட்டு அதைப் போட்டுவிட்டார். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. பளபளவென்றுதான் இருந்தது. டெலிபோனைச் சுழற்ற மட்டும் அதற்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. அன்று பார்த்து எங்கள் கண்டெய்னர்கள் ஏற வேண்டிய கப்பல் துறைமுகத்தில் நின்றது. மெயிலில் போக வேண்டிய காகிதங்களை ஸ்கூட்டரில் சுமந்துகொண்டு கப்பல் கம்பெனி வாசல்களில் போய் நின்றோம். இஸ்மாயில் சார் கணக்கரைத் திட்டவில்லை. மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு சட்டம் போட்டார்.

"நம்ம பொட்டி ஏத்தற கப்பல் ஹார்பர்ல கீற வரைக்கும் இந்த ஆபீஸ்ல எதையும் மாத்தக் கூடாது. மிஷினும் மாத்தக் கூடாது, மேஜையும் மாத்தக் கூடாது, டீ குடுக்கறவனையும் மாத்தக் கூடாது. கப்பல் போவட்டும். அப்பால பாத்துக்கலாம்."

பொட்டி என்றால் எங்கள் பாஷையில் கண்டெய்னர். சட்டத்தை டீக்காரர் விஷயத்திலும் கடைப்பிடித்தோம். கப்பல் நிற்கும் நாட்களில் டீ எவ்வளவு கேவலமாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு குடித்தோம்.

அந்தச் சட்டத்தோடு நானும் ஒரு வழக்கத்தைச் சேர்த்தேன். புதிதாக எது வந்தாலும் மூலையில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் முதலில் போடுவது. அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தோம். பெண் கொடுப்பதற்கு முன்னால் நாலு பேரிடம் விசாரிப்போம் இல்லையா, அதே விசாரணைதான். மற்ற ஐந்து கம்ப்யூட்டர்களும் வயரால் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். மாப்பிள்ளை மட்டும் தனிக்குடித்தனம், அவனுக்குத் தனி டெலிபோன் லைன், தனி பிரிண்டர்.

விசாரணை இப்படி நடக்கும். நாங்கள் அன்றாடம் திறக்கும் இணையப் பக்கங்களை எல்லாம் மாப்பிள்ளையில் திறப்பேன். நிரப்ப வேண்டியதை நிரப்புவேன். ஒவ்வொன்றையும் அச்சடிப்பேன். பிறகு பழைய கம்ப்யூட்டரில் அச்சடித்த தாளையும் மாப்பிள்ளையின் தாளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பேன். எங்கள் ஜன்னல் துறைமுகச் சுவரைப் பார்த்தது. காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். ஓர் எழுத்து மயிரிழை தள்ளியிருந்தாலும் தெரிந்துவிடும். சேர்ந்த புதிதில் பாபு இதைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, எக்ஸ்ரே பாக்கறியா?" என்றான்.

"ஆமா. எலும்பு ஒடஞ்சிருந்தா தோல்ல தெரியாது" என்றேன்.

தாளுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று இப்போதுள்ளவர்கள் கேட்கலாம். கண்டெய்னரை ஏற்றின லாரி துறைமுகத்துக்குள் நுழைய ஒரு கேட் சீட்டு வேண்டும். அதை, துறைமுகத்துக்குள் கண்டெய்னர்களை ஏற்றி இறக்கும் டெர்மினலின் இணையப் பக்கத்திலிருந்து நாங்கள் அச்சடித்து டிரைவரிடம் கொடுப்போம். சீட்டின் அடியில் ஒரு பார்கோடு இருக்கும். வாசலில் ஒரு கருவியை அதன் மேல் காட்டுவார்கள். 'பீப்' என்று சத்தம் வந்தால் லாரி உள்ளே. சத்தம் வராவிட்டால் திரும்பிப் போய் வரிசையின் வாலில் நிற்க வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் அந்த வரிசையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். டிரைவர்கள் லாரிக்கு அடியிலேயே அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள், தூங்குவார்கள், சண்டை போட்டுச் சமாதானமும் ஆவார்கள். வால் என்பது திருவொற்றியூரையும் தாண்டி எங்கேயோ இருக்கும்.

நான் புதுமைக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். பிரவுசரின் ஆறாம் பதிப்பு வந்தபோது, போட்டே ஆக வேண்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்து வாதாடியவளே நான்தான். ஐந்தில் பேங்க் பக்கம் திறக்காமல் மக்கர் செய்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையில் போட்டோம், தாள்கள் ஜன்னலில் ஒத்துப்போயின, ஒரு கப்பல் போனதும் எல்லாவற்றிலும் போட்டோம். ஒரு குறையும் இல்லை. அதனாலேயே ஏழாம் பதிப்பு வந்தபோது எல்லோருக்கும் குளிர் விட்டுப்போயிருந்தது.

ஏழு வந்தது இரண்டாயிரத்து ஆறின் கடைசியில். அதில் ஒரே ஜன்னலுக்குள் பல பக்கங்களைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். இன்று அது ஒரு விஷயமே இல்லை. அன்று எங்கள் பையன்களுக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. "அக்கா, பத்து கப்பல ஒரே எடத்துல பாக்கலாம்க்கா" என்று பாபு என் பின்னாலேயே சுற்றினான்.

அவனைவிட அவசரப்பட்டவர் விவேக் சார். முதலாளியின் மருமகன், அப்போதுதான் டைரக்டராக வந்து உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவசரம் மட்டும் கூடவே பிறந்தது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பக்கத்துத் தெரு ஆபீஸ் ஒன்றில் பழைய பிரவுசரின் ஓட்டை வழியாக வைரஸ் புகுந்து கம்ப்யூட்டர்களை எல்லாம் நாசம் செய்திருந்தது. புதுப் பதிப்பில் அந்த ஓட்டையை அடைத்திருந்தார்கள்.

நான் வழக்கப்படி மாப்பிள்ளையில் போட்டேன். பக்கங்கள் எல்லாம் திறந்தன. பையன்கள் கைதட்டினார்கள். ஜன்னலுக்குப் போனேன். கேட் சீட்டு ஒத்துப்போகவில்லை. புதிய சீட்டில் எல்லாமே கொஞ்சம் சின்னதாக இருந்தன. தலைப்பை ஒத்து வைத்தால் அடியில் பார்கோடு மேலே ஏறி நின்றது. அதன் மெல்லிய கோடுகள் சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"இவ்ளோண்டு தானேக்கா? மெஷின் படிச்சிக்கும்" என்றான் பாபு.

"படிக்குமான்னு மெஷினையே கேக்கலாம்" என்றேன்.

எங்களுக்கு வாடிக்கையாக வண்டி ஓட்டும் ஆறுமுகம் அன்று ஒரு காலிக் கண்டெய்னரைத் துறைமுகத்துக்குள் கொண்டுபோக இருந்தார். அவரிடம் இரண்டு சீட்டுகளையும் கொடுத்து, புதியதை முதலில் நீட்டச் சொன்னேன். திரும்பி வந்து படியேறும்போதே கத்தினார். "யக்கா, உன் புது சீட்டுக்கு அந்த மெஷினு வாயே தொறக்கல. கேட்டுக்காரன் தேச்சி தேச்சி பாத்துட்டு என்னிய மொறைக்கறான். அப்பால பயசு காட்னேன், டக்குனு கத்திச்சி."

இந்த நிலையில்தான் அந்தப் பிரசித்தி பெற்ற மீட்டிங். விவேக் சார், இஸ்மாயில் சார், நான், பாபு. கப்பல் அன்று காலையில்தான் உள்ளே வந்திருந்தது.

"சாயங்காலத்துக்குள்ள எல்லா மெஷின்லயும் போட்டுடுங்க தனம்" என்றார் விவேக் சார்.

"இப்ப வேணாம் சார். கேட் சீட்டு சுருங்குது. ஏன்னு கண்டுபிடிக்கணும். கப்பலும் நிக்குது."

"வைரஸ் கப்பல் போகட்டும்னு காத்திருக்குமா?"

நல்ல கேள்வி. "காத்திருக்காது சார். ஆனா வைரஸ் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். இத்த போட்டா சீட்டு நிச்சயமா செல்லாது. ரெண்டுல எது நிச்சயமோ அதுக்குத்தான் நான் பயப்படுவேன்."

"அப்ப வைரஸ் வந்தா யார் பொறுப்பு?"

"நான்."

இஸ்மாயில் சார் மேஜையில் கிடந்த சுருங்கின சீட்டைக் கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அன்று கோபமாக வந்தது. என் முடிவை என்னுடையதாகவே விட்டுவைத்தார் என்று பின்னால்தான் உறைத்தது.

மற்ற ஐந்திலும் ஆறாம் பதிப்பே தொடர்ந்தது. அடுத்து வந்த நாட்களில் சுருங்கும் காரணத்தைப் பிடித்தேன். பக்கம் தாளைவிட அகலமாக இருந்தால், ஓரம் வெட்டுப்படக் கூடாதே என்று புது பிரவுசர் தானாகவே சுருக்கி அச்சடிக்கிறது. நல்ல எண்ணம்தான், நம் பார்கோடுதான் பலி. அச்சடிக்கும் முன் பார்க்கும் திரையில் அந்தச் சுருக்கத்தை எடுத்துவிட்டு முழு அளவு வைத்தால், வலது ஓரம் வெட்டுப்பட்டுக் கண்டெய்னர் எண்ணின் கடைசி இலக்கம் காணாமல் போயிற்று. அதற்குத் தாளின் ஓர இடைவெளிகளைப் பிரிண்டர் தாங்கும் மட்டும் குறைக்க வேண்டியிருந்தது. தாள் தாளாகப் பாழாக்கி, ஒரு வழியாக ஒரு மாதிரிச் சீட்டு ஜன்னலில் ஒத்துப்போயிற்று. இனி அதை வாசலில் கேட்டுப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. கப்பல் போகட்டும் என்று மடித்து வைத்தேன்.

அந்தக் கப்பலில்தான் காதர் பாயின் கைலிகள் போக வேண்டும். காதர் பாய் தண்டையார்பேட்டையில் கைலி வியாபாரி. பல வருடங்களாக அடுத்தவர்களுடைய கண்டெய்னரில் ஒரு மூலையில் தன் மூட்டைகளைத் திணித்து அனுப்பிக்கொண்டிருந்தவர், முதல் தடவையாகத் தன் பெயரில் ஒரு முழுக் கண்டெய்னர் பிடித்திருந்தார். பினாங்குக் கடைக்காரர்கள் ஹஜ்ஜுப் பெருநாளுக்காகக் கேட்டது. அடுத்த கப்பலில் போனால் பெருநாள் முடிந்திருக்கும்.

"பெருநாளுக்கு மறுநாள் போய் சேந்துச்சின்னா, அவ்ளோ கைலியும் நானேதான் கட்டிகினு திரியணும் தனம்மா. ஒரு ஆயுசு பத்தாது" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சிரிப்பு கண்ணுக்குப் போகாது. முதல் முழுக் கண்டெய்னரே தவறினால் அந்தக் கடைக்காரர்கள் இன்னொரு தடவை அவரை நம்ப மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மழையால் மணலி கண்டெய்னர் யார்டில் அவருடைய மூட்டைகளை ஏற்றத் தாமதமாகிவிட்டது. மற்றவர்களின் கண்டெய்னர்கள் எல்லாம் உள்ளே போய்விட்டன. கடைசி நாள் காலையில் காதர் பாயின் கண்டெய்னரோடு ஆறுமுகம் வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தார். சாயங்காலம் கப்பலுக்கான வாசலை மூடிவிடுவார்கள். நாங்கள் கேட் சீட்டை அச்சடித்து அவரிடம் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி.

பாபு டெர்மினலின் முகவரியை அடித்தான். ஏதோ சூதாட்டப் பக்கம் திறந்தது. மறுபடி அடித்தான், உடம்பு இளைக்க மாத்திரை விற்கும் பக்கம். அடுத்த மேஜையிலும் அதே கதை. ஐந்து கம்ப்யூட்டர்களிலும் அதே கதை. விவேக் சார் சொன்னது நடந்தேவிட்டது.

நான் ஐந்தின் வயர்களையும் பிடுங்கினேன். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அன்னிக்கே சொன்னேன்."

"சொன்னீங்க சார். நீங்க சொன்னது சரி. இப்ப பாயோட பொட்டிய பாப்போம்."

இன்றைக்கும் சிலர், 'அன்றே போட்டிருந்தால்?' என்று என்னைக் கேட்பார்கள். அன்றே போட்டிருந்தால் அந்தக் கப்பலுக்கான எங்கள் லாரிகள் அத்தனையும் செல்லாத சீட்டோடு வாசலில் நின்றிருக்கும். வைரஸ் வந்தது என் முடிவால்தான். அதே நிலைமையில் அதே முடிவைத்தான் மறுபடியும் எடுப்பேன்.

மாப்பிள்ளை மட்டும் மூலையில் சுத்தமாக இருந்தது. தனிக்குடித்தனம் அதைக் காப்பாற்றியிருந்தது. ஆனால் அதில் இருந்தது புது பிரவுசர். எங்கேயாவது பிரவுசிங் சென்டரில் போய் அச்சடிக்கலாம் என்றால், பதிவு செய்த கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் டெர்மினல் சீட்டுக் கொடுக்கும். "இத்த கயட்டிட்டு பயசு போட்டுடலாமாக்கா?" என்றான் பாபு. போடலாம். கழற்றும்போது ஏதாவது முறிந்தால் கையில் இருக்கும் ஒன்றும் போய்விடும். பழையதைப் போட்டாலும் அதே ஓட்டையோடுதான் வெளியே போக வேண்டும்.

காதர் பாய் அதற்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிடுங்கிக் கிடந்த வயர்களைப் பார்த்து அவரே தெரிந்துகொண்டார்.

நான் இஸ்மாயில் சார் அறைக்குப் போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"கெட்டத சொல்லு."

"மாப்பிள்ளைல அடிக்கணும் சார். சுருங்காம அடிக்க வழி கண்டுபிடிச்சிட்டேன். ஆனா வாசல்ல காட்டிப் பாக்கல. அன்னிக்கு மாதிரி மாத்திக் காட்ட இந்தப் பொட்டிக்குப் பழைய சீட்டு கிடையாது. கத்தலேன்னா ஆறுமுகம் வாலுக்குப் போவணும். பாயோட பொட்டி நின்னுடும்."

"அவ்ளோதானா?"

"கப்பல் நிக்கும்போது மாத்தக் கூடாதுன்னு நீங்க போட்ட சட்டம் சார். அத்த நான் ஒடைக்கறேன்."

அவர் பேனாவை எடுத்துப் பையில் செருகிக்கொண்டு எழுந்தார். "சட்டம் பொட்டிக்கோசரம் போட்டது. வா."

மாப்பிள்ளையின் முன் உட்கார்ந்தேன். எதை எங்கே அழுத்த வேண்டும் என்று பாழாக்கின தாள்கள் கைக்குச் சொல்லிக் கொடுத்திருந்தன. சுருக்கத்தை எடுத்தேன், ஓரங்களைக் குறைத்தேன், அச்சடித்தேன். முன்பு வேறொரு கண்டெய்னருக்கு அடித்த பழைய சீட்டோடு சேர்த்து ஜன்னலுக்குக் கொண்டுபோனால், வெளியே தூறல், வானம் இருட்டிக்கொண்டு கிடக்கிறது. வெளிச்சமே இல்லை. இரண்டு தாள்களும் வெறும் வெள்ளையாகத் தெரிந்தன.

விவேக் சார் தன் அறைக்கு ஓடினார். மேஜை விளக்கைப் பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு வந்து, முழங்காலில் உட்கார்ந்து, தாளுக்குப் பின்னால் பிடித்தார். இஸ்மாயில் சார் கீழிருந்து மேலாகப் பார்த்தார். பார்கோடு, முத்திரை, கண்டெய்னர் எண், கடைசி இலக்கம். எண்கள் வேறு என்றாலும் எல்லாம் அதே இடத்தில், அதே அளவில் உட்கார்ந்திருந்தன.

"குடுத்தனுப்பு" என்றார்.

சீட்டு நனையாமல் இருக்க என் கைப்பையிலிருந்த ரேஷன் கார்டை உருவிப் போட்டுவிட்டு, அதன் பிளாஸ்டிக் உறையில் சீட்டை வைத்தேன். பாபு அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தான்.

அதன் பிறகு நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை. எனக்குப் பிடிக்காத வேலை அதுதான். காதர் பாய் பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. டீ வந்தது, ஆறிப்போயிற்று. இஸ்மாயில் சார் தன் அறைக்குப் போகவில்லை, மாப்பிள்ளையின் பக்கத்திலேயே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

போன் அடித்தது.

"அக்கா, கேட்டாண்ட வந்துட்டோம். ஆறுமுகண்ணன் சீட்ட குடுத்துட்டாரு. கேட்டுக்காரரு மெஷின தொடைக்கறாரு. இரு, போன அங்க காட்டறேன்."

லாரிகளின் இரைச்சல். யாரோ யாரையோ திட்டும் சத்தம். நான் போனைக் காதர் பாயின் காதுக்கும் என் காதுக்கும் நடுவில் பிடித்தேன். ஒன்றும் வரவில்லை. பிறகும் ஒன்றும் வரவில்லை. காதர் பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

பீப்.

அவ்வளவு சின்னச் சத்தம். காதர் பாய் எழுந்து ஜன்னல் பக்கம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நான் அழுதேன். அழுவது எனக்குப் பழக்கம் இல்லை, அன்று அழுதேன்.

மறுநாள் காலையில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு வழக்கம்போலத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். கப்பல் போய்விட்டிருந்தது. இஸ்மாயில் சார் கூப்பிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காருவதற்குள்ளேயே தொடங்கிவிட்டேன். ஐந்து கம்ப்யூட்டர்களையும் துடைத்துப் புதிதாக ஏற்ற வேண்டும், ஒவ்வொரு தடவையும் சுருக்கத்தைக் கையால்தான் எடுக்க வேண்டும், பையன்கள் மறப்பார்கள், மறந்தால்...

அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கெட்டதெல்லாம் எனுக்கு தெரியும். நல்லத சொல்லு."

அத்தனை வருடத்தில் முதல் தடவை. கெட்டதைச் சொல்லிச் சொல்லியே பழகியிருந்த வாய் என்னுடையது. யோசித்து யோசித்து ஒன்றுதான் கிடைத்தது.

"பாயோட பொட்டி கடல்ல கீது சார்."

அவர் சிரித்தார். "போதும். எல்லாத்துலயும் போட்டுடு."

போட்டேன். சுருக்கத்தை எடுக்கும் விதத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, ஒவ்வொரு பிரிண்டரின் நெற்றியிலும் ஒட்டினேன். விவேக் சார் தன் மேஜை விளக்கை ஜன்னலோரமாகவே நிரந்தரமாக வைத்துவிட்டார்.

பெருநாள் முடிந்து காதர் பாய் ஒரு மூட்டையோடு படியேறி வந்தார். பினாங்கில் ஒரு கைலிகூட மிச்சம் இல்லையாம். ஆண்கள் எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். எனக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"தனம்மா, நம்ம சீட்டு எந்த மிஷின்லேர்ந்து வந்துச்சி?"

மூலையைக் காட்டினேன். அதன் பெயரையும் சொன்னேன். அவர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"பெருநாளைக்கு பினாங்கு பூரா என் கைலியத்தான் கட்டிகினு கீது. நம்ம மாப்ள மட்டும் இப்டி மொட்டையா நிக்கறதா?"

இருப்பதிலேயே நல்ல கைலியை எடுத்து உதறி, மாப்பிள்ளையைச் சுற்றி அவரே கட்டிவிட்டார், மடிப்பெல்லாம் எடுத்து. பாபு கேமராவைக் கொண்டு வந்தான். இஸ்மாயில் சார் மட்டும் எங்களைக் கொஞ்சம் பொறு என்று நிறுத்திவிட்டு, குனிந்து, கைலியின் கீழ்க்கரையிலிருந்து மேல்முடிச்சு வரை நிதானமாகப் பார்த்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"கெட்டது ஒண்ணியும் இல்ல நைனா. படம் புடி."